காசைச் சிதைப்பது யார்?

போர்ட் டிக்சனிலிருந்து கடலை வலப்புறம் விட்டுத் தெற்கே செல்லுங்கால், சி ரூசா என்னும் சிற்றூர் வருகின்றது. உல்லாசப் பயணிகள் கடலைக் காண்பர். கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் தோட்டம் தெரியும். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. அங்கே ஒரு பழைய லயத்து வீட்டில், தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தாம் பெண்ணாயிருந்த காலத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தவர், திடீரென எழுந்து சென்று, துருவேறிய ரொட்டி டின் ஒன்றைக் கொணர்ந்து நம் முன் வைத்தார்.

அதனுள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1920-ஆம் ஆண்டு வெள்ளிக்காசு. தலைக்கு மேலே துளையிடப்பட்டது. மற்றொன்று, ஜப்பானியர் ஆட்சியில் வெளியான பத்து வெள்ளி நோட்டு. வாழைமரப் படம் போட்டது. எட்டாக மடித்து மடித்து மடிப்புத் தோறும் நைந்து போனது. “ரெண்டும் செல்லாதுன்னு தெரியும் தம்பி. எங்கம்மா வச்சிருந்தது. தூக்கிப் போட மனசு வரலே” என்றார் மூதாட்டி.

காசில் துளையிட்டது குற்றமா, நோட்டைக் கிழித்தால் சிறையா என்னும் கேள்விகள் நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றன. திருமண வீட்டில் நோட்டு மாலை கட்டும்போது யாரேனும் ஒருவர் இதைச் சொல்லி அச்சுறுத்துவதும் உண்டு. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த நமக்கு, அவ்விரு பொருள்களும் வேறொரு கேள்வியை எழுப்பிவிட்டன.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். காசில் வெள்ளி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பெயர் மட்டும் நிற்கின்றது. மலாய்ச் சொல்லாகிய ரிங்கிட்டின் பொருளோ இன்னும் வியப்புக்குரியது. விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டது என்பதே அதன் பொருள். இக்கடல்களில் வழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைக் கண்டு மலாய் மக்கள் இட்ட பெயர் அது. 1975-ஆம் ஆண்டில் அதுவே நாட்டு நாணயத்தின் சட்டப் பெயராயிற்று.

விளிம்பில் பல் வெட்டியது அழகுக்காக அன்று. காசு வெள்ளியாலும் பொன்னாலும் ஆகியிருந்த காலத்தில், அதன் ஓரத்தைக் கத்தரியால் சிறிது நறுக்கிக் கொண்டு, மிச்சத்தை முழுக்காசாகவே செலவழிப்பது ஒரு பெருந்தொழிலாக நடந்தது. நூறு காசுகளில் நறுக்கிய துணுக்குகளை உருக்கினால் பத்துக் காசின் வெள்ளி தேறும். விளிம்பில் பல்லோ எழுத்தோ இருந்தால் நறுக்கிய இடம் உடனே தெரிந்துவிடும். ஆகவே இந்நாட்டுப் பணத்தின் பெயரே, காசைச் சிதைப்போருக்கு எதிராக வைத்த காவலின் பெயர்தான்.

காசைச் சோதிப்பது நமக்குப் புதிதன்று. சங்க காலத்திலேயே நாணயம் நோக்குவோரை வண்ணக்கர் என்றனர். அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு கொண்ட புலவர்களும் உளர். பிற்காலத்தில் அத்தொழிலைச் செய்தவர் சராப்பு எனப்பட்டனர். சீன வணிகரோ, தம் கைக்கு வந்த வெள்ளி நாணயம் நல்லதென்று கண்டால் அதன் மேல் தம் முத்திரையைக் குத்தினர். மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயங்கள் பல கைகள் மாறி, முகமெல்லாம் முத்திரை வடுவாகிக் கிடந்தன. அவர்கள் கண்ணில் அவ்வடு நம்பிக்கையின் அடையாளம். அரசாங்கங்களின் கண்ணிலோ அது சிதைவு.

ஐரோப்பாவில் இக்குற்றத்துக்கு அளித்த தண்டனைகள் கேட்போர் நெஞ்சை நடுங்கச் செய்வன. இங்கிலாந்தில் 1278-ஆம் ஆண்டில், காசை நறுக்கினர் என்ற குற்றச்சாட்டின் பேரில் யூதர்கள் நாடெங்கும் பிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் பல நூறு பேர் தூக்கிலிடப்பட்டனர். அதே குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்தவருள் அவ்விதம் மாண்டவர் மிகச் சிலரே. காசின் மேல் அரசன் தலை இருப்பதால் அதை நறுக்குவது அரசத் துரோகம் என்பது அக்கால வாதம். கள்ளக்காசு செய்த பெண்ணுக்குத் தீயில் எரிக்கும் தண்டனை இருந்தது. கடைசியாக அத்தண்டனைக்கு உள்ளானவள் கேதரின் மர்பி என்பவள். அது 1789-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவ்வெறி தணிந்த பின் எழுந்த சட்டமே நம் நாடுகளுக்கு வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 246-ஆம் பிரிவு முதல் இக்குற்றங்கள் கூறப்பட்டன. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியத் தண்டனைச் சட்டமும் அதே வழியில் வந்ததே. காசின் எடையைக் குறைப்பதும், அதன் கலப்பை மாற்றுவதும் குற்றம். காசைக் குடைந்து உள்ளிருக்கும் உலோகத்தை எடுத்துவிட்டு, அப்பள்ளத்தில் வேறொன்றை இட்டு நிரப்புபவன் கலப்பை மாற்றியவனே என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகின்றது. எந்தக் காசாயினும் மூன்றாண்டு வரை சிறை. ஆளும் அரசின் காசாயின் ஏழாண்டு வரை.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு சொல் கவனிக்கத் தக்கது. மோசக் கருத்தோடு செய்தால்தான் குற்றம். நம் மொழியில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். முன்னதைக் கெடுப்பது, பின்னதும் கெட்டால்தான் குற்றமாகும் என்று அச்சட்டத்தைத் தமிழ்ப்படுத்தலாம். எனவே, மூதாட்டியின் தாயார் காசைத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்தது அப்பிரிவின் கீழ்க் குற்றமன்று. துளையிட்ட காசை முழுக்காசென்று பிறர் தலையில் கட்ட அவர் எண்ணினாரில்லை.

இனி, அக்காசின் கதையைச் சிறிது விரித்துக் கூற வேண்டும். 1903-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தன் சொந்த ஒரு வெள்ளி நாணயத்தை முதன்முதலாக வெளியிட்டது. அதுவரை வழங்கிய மெக்சிகோ நாணயங்களும் பிரிட்டிஷ் வணிக நாணயங்களும் திரும்பப் பெறப்பட்டு, இந்தியாவுக்கு அனுப்பி உருக்கப்பட்டு, பம்பாய் நாணயச் சாலையில் புது முகத்தோடு வந்தன. காசின் ஒரு பக்கம் மன்னர் தலை. மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். தமிழெழுத்துக்கு இடமில்லை. இந்நாட்டில் ரப்பர் மரம் சீவியவர் யார் என்பதைக் காசு அறியாது போலும்.

அக்காசின் எடை ஏறக்குறைய 27 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நம் பெண்டிர்க்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், மூன்று பவுன் எடை தூய வெள்ளி. 1907-இல் காசின் எடை சுமார் 20 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919, 1920-ஆம் ஆண்டுகளில் வந்த காசோ 17 கிராமுக்கும் குறைவு. அதிலும் பாதிதான் வெள்ளி. மூன்று பவுன் எடை வெள்ளி, பதினேழே ஆண்டுகளில் ஒரு பவுன் எடைக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது. மூன்றிலும் எழுதியிருந்த பெயர் ஒன்றே: ஒரு வெள்ளி. தட்டான் ஒருவன் காசைக் குடைந்து ஒரு குன்றிமணி வெள்ளியைத் திருடியிருந்தால் அவனுக்குச் சிறை. அரசாங்கம் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு வேறு உலோகத்தை நிரப்பியதற்குப் பெயர் சட்டம்!

இதை இவ்வளவோடு விட்டுவிட்டால் நாமும் நாணயம் தவறியவராவோம். 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என்று மதிப்பை நிறுத்தியது. அதன் பின் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறவே, காசை உருக்கி விற்றால் காசின் மதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அதைத் தடுக்கவே காசைச் சிறிதாக்கினர். சிறிய காசுக்கும் அதே இரண்டு ஷில்லிங் நான்கு பென்சை அரசாங்கம் உறுதி செய்தபடியால், தொழிலாளியின் கையிலிருந்த காசுக்குக் கடையில் அரிசி குறையவில்லை. அன்றுமுதல் காசின் பலம் அதன் வெள்ளியில் இல்லை. கொடுத்த வாக்கில் இருந்தது. இந்த மாற்றத்தைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

சொல்வாரில்லாமையால் வந்த தீங்கு அந்தத் துளையில் தெரிகின்றது. 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தவுடன் அது 40-உம் 32-உமாகக் குறைக்கப்பட்டது. நல்ல காலத்திலேயே ஒரு பெண் இரண்டரை நாள் உழைத்தால்தான் ஒரு வெள்ளி. அந்த வெள்ளியைச் செலவழியாது சேர்த்து, ‘வெள்ளி வெள்ளிதானே’ என்று நம்பித் துளையிட்டுக் கோத்து அணிந்தனர். துளையிட்டவுடன் அது காசாகச் செல்லும் தகுதியை இழந்தது. அடகுக்கடைத் தராசில் வெறும் உலோகமாயிற்று. அதிலும் பாதி வெள்ளியன்று. பாட்டியின் காலத்து மூன்று பவுன் எடை வெள்ளி அதற்குள் இருக்கின்றதென எண்ணியே அவர்கள் அதைக் கழுத்தில் போட்டனர். பொன் நாணயத்தைக் காசுமாலையாக அணிந்தவர்க்கு இந்த நட்டமில்லை. பொன்னின் விலை பொன்னுக்கே இருந்தது. ஆனால் பொன் வாங்கும் நிலையில் இருந்தோர் எத்தனை பேர்?

சேதமான காசின் நட்டம் யாருடையது என்பதிலும் சட்டம் ஏழையின் பக்கம் நின்றதில்லை. 1906-ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டப்படி, மோசமாக எடை குறைக்கப்பட்ட அல்லது சிதைக்கப்பட்ட காசு அரசாங்கக் கருவூலத்துக்கு வந்தால், அதிகாரி அதை வெட்டித் துண்டாக்கிக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுப்பார், நட்டம் கொண்டுவந்தவருக்கே. சிதைத்தவன் எங்கோ இருக்கின்றான். ஏமாந்து வாங்கியவனே அழ வேண்டும்.

தாள் நோட்டு வந்தபின் சட்டத்தின் நோக்கும் சிறிது மாறிற்று. தாளை நறுக்கிச் சேர்ப்பதால் யாருக்கும் வருவாயில்லை. ஆயினும் அழுக்கும் கிழிசலுமான நோட்டை மாற்றி அச்சிட அரசுக்குச் செலவு; உண்மை நோட்டையும் கள்ள நோட்டையும் பிரித்தறிவதும் கடினமாகின்றது. ஆகவே பிரிட்டனில் 1928-ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டின் மேல் எழுத்தோ எண்ணோ அச்சடிப்பதையும் முத்திரை குத்துவதையும் தடுத்தது. அமெரிக்காவிலோ நோட்டை மீண்டும் பயன்படாதபடி கெடுக்கும் கருத்தோடு சிதைப்பது குற்றம்; காசைப் பொறுத்தவரை மோசக் கருத்து இருந்தால்தான் குற்றம். அதனால் அங்கே உல்லாசப் பயணிகள் செப்புக் காசை இயந்திரத்தில் நசுக்கிப் படம் பொறித்து வீட்டுக்குக் கொண்டு போகின்றனர், கேட்பாரில்லை. அதே காசை உலோகத்துக்காக உருக்குவதோ 2006-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் சிறு நாணயங்களை உருக்குவோரைத் தண்டிக்க 1971-இலேயே தனிச்சட்டம் வந்தது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை வெட்டுதல், உடைத்தல், உருக்குதல் யாவற்றையும் விலக்கி, ஏழாண்டு வரை சிறை விதித்தது. ஒரு ரூபாய்க் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவரத் தகடுகளாகின்றன என்ற செய்தி 2007-இல் பரவியதை நேயர்கள் நினைவுகூரலாம்.

இலங்கையில் வேண்டுமென்றே சிதைத்த நோட்டுகளை மாற்றிக் கொடுப்பதை மத்திய வங்கி 2017-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. இந்திய ரிசர்வ் வங்கி, நோட்டுகளை மாலையாகக் கட்டாதீர், பந்தலில் தொங்கவிடாதீர், மேடையில் வாரி இறைக்காதீர் என்று பன்முறை வேண்டிக் கொண்டது. நோட்டுக் கட்டுகளில் கம்பி ஊசி அடிப்பதையும் 2001-இல் வங்கிகளுக்கு விலக்கிற்று. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நோட்டு மாலை விஷயத்தில் நம் கருத்தைச் சொல்வதாயின், சட்டத்துக்கு அஞ்சி அன்று, ஊசி குத்திய நோட்டு நாளை ஒரு கூலிக்காரர் கையில் போய்ச் சேரும். கடைக்காரர் அவரிடம் முகம் சுளிப்பார். அதற்காகவேனும் அவ்வழக்கத்தை விடலாம். கிழிந்த நோட்டு கையில் அகப்பட்டோர் அதை எறிய வேண்டுவதில்லை; வங்கியில் கேட்டு மாற்றிக்கொள்ள வழியுண்டு.

காசைச் சிதைப்பதெல்லாம் இழிசெயல் என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பிரிட்டிஷ் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடியபோது, பென்னிக் காசில் மன்னர் முகத்தின் மேலேயே ‘பெண்களுக்கு வாக்கு’ என்று எழுத்தெழுத்தாகக் குத்திச் செலவழித்தனர். காசு மிகச் சிறியது. ஆதலால் அதைத் திரட்டித் திரும்பப் பெற அரசாங்கம் மெனக்கெடாது என்பது அவர்கள் கணக்கு. அவற்றுள் ஒன்று இன்று இலண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கின்றது.

இனி அந்த இரண்டாவது பொருளுக்கு வருவோம்.

1942-இல் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், முன்னிருந்த வெள்ளிக்குச் சமம் என்று கூறித் தம் நோட்டுகளை வெளியிட்டனர். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தபடியால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். தொடக்கத்தில் சில நோட்டுகளில் வரிசை எண் இருந்தது, பின்னர் அதுவுமில்லை. மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்தோடு கூடிய அடையாளம் மட்டுமே. எண்ணில்லாத நோட்டு எத்தனை அச்சாகின்றது என்று யாரும் எண்ண முடியாது. எண்ணக்கூடாதென்பதே கருத்துப் போலும். பல நூறு கோடி வெள்ளி அவ்விதம் அச்சாயிற்று. 1945-இல் ஆயிரம் வெள்ளி நோட்டும் வந்தது. அரிசி விலையோ ஆகாயத்துக்கு ஏறிற்று. வாங்க மறுத்தால் கெம்பெத்தாய் என்னும் இராணுவப் போலீசின் அச்சம். பழைய பிரிட்டிஷ் வெள்ளியை வைத்திருந்தோர் அதை வெளியே காட்டாது பதுக்கினர். ஆகவே நல்ல பணம் நிலத்துக்குள்ளும், கெட்ட பணம் கூலிப் பட்டுவாடாவிலும் போயிற்று.

1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப் கரையிலும் போர்ட் டிக்சன் கரையிலும் இறங்கிற்று. சி ரூசாவினர்க்கு அது தொலைவில் நடந்த சரித்திரமன்று. தம் கடற்கரையில் நடந்தது. விடுதலை வந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர். அம்மாதத்திலேயே பிரிட்டிஷ் இராணுவ ஆட்சி, ஜப்பானிய நோட்டுகள் செல்லா எனத் தெரிவித்தது. அவற்றை ஏற்றால் நாட்டின் பணமே மூழ்கிவிடும் என்பது காரணம், காரணம் பொய்யன்று. ஆயினும் ஒரு நோட்டுக்கு ஒரு காசு வீதமேனும் மாற்றித் தரப்படவில்லை. முதல் நாள் வரை கூலியாயிருந்தது மறுநாள் காகிதமாயிற்று.

“கட்டுக் கட்டா அடுப்பிலே போட்டாங்க தம்பி. பிள்ளைங்க நாங்க கப்பல் செஞ்சு வாய்க்கால்லே விட்டோம். எங்கம்மா மட்டும் ஒரு நோட்டை மடியிலே சுருட்டிக்கிட்டாங்க. திரும்பச் செல்லும்னு யாரோ சொன்னாங்களாம்” என்றார் மூதாட்டி.

நட்டம் எல்லார்க்கும் ஒன்றுபோல் விழுந்ததா? நிலம் வைத்திருந்தவர்க்கு நிலம் நின்றது. சரக்குப் பதுக்கியவர்க்குச் சரக்கு நின்றது. கடன் பட்டிருந்தோர் பலர், போருக்கு முன் வாங்கிய கடனை வாழைமர நோட்டால் அடைத்துக் கைகழுவினர். கொடுத்த செட்டியார்கள் தவித்தனர். அவ்வழக்குகள் பெருகவே, 1948-இல் அரசாங்கம் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென ஒரு சட்டம் செய்து, ஜப்பானிய வெள்ளிக்கு எந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பு என்று அட்டவணையே வகுத்தது. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் ஆகிய இரு சாராருக்கும் அட்டவணை கிடைத்தது. கூலியை நோட்டாகவே வாங்கி மடியில் வைத்திருந்தவர் கடன்காரருமல்லர், கடன்பட்டவருமல்லர். அவருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரியுமில்லை.

இது மலாயாவுக்கு மட்டும் நேர்ந்ததென்று நினைக்கலாகாது. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு, நறுக்குண்ட வெள்ளிக்காசுகளை எல்லாம் திரும்பப் பெற்றுப் புதுக்காசு அடித்தனர். குறித்த நாள் வரை பழைய காசை முழு மதிப்புக்கு வரியாகச் செலுத்தலாம் என்றனர். வரி செலுத்துவோர் செல்வர். அவர்கள் தம் காசை முழு விலைக்குத் தள்ளிவிட்டனர். வரி கட்டும் அளவு சொத்தில்லாதவர் கையில் நறுக்குண்ட காசு நின்றுவிட்டது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு இந்தியாவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லா என்று கூறப்பட்டபோது மாற்றிக்கொள்ள வழியிருந்தது; ஆயினும் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த பெண்டிர் வரிசையில் நின்று பட்ட பாட்டை உலகம் கண்டது. காசின் விளிம்பை நறுக்கியவனுக்குச் சிறையும் தூக்கும் வகுத்த சட்டப் புத்தகங்களை நாம் புரட்டிப் பார்த்தோம். அளவின்றி அச்சடித்து ஒரு நாட்டின் கூலி முழுவதையும் காகிதமாக்கியவனுக்கு அவற்றுள் ஒரு பிரிவும் நம் கண்ணில் படவில்லை.

இப்பொழுது அவ்வாழைமர நோட்டுக்கும் விலையுண்டு. பழம்பொருள் சேர்ப்போர் வாங்குகின்றனர். மூதாட்டியின் பேத்தி, தன் கைப்பேசியில் அவ்விலையைப் பார்த்துச் சொன்னாள். மடிப்பும் கறையும் இல்லாத நோட்டுக்குத்தான் அவ்விலை. மடித்ததற்கு மிகச் சொற்பம். பாட்டி அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பழைய மடிப்பின்படியே எட்டாக மடித்து, துளையிட்ட காசின் மேல் வைத்து, டின்னை மூடினார்.